கடைசி கான்சர்ட்டுக்குப் போகலாமா, வேண்டாமா?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, பிளாக் சாபத் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கடைசி நிகழ்ச்சியை நேரில் பார்த்தவள் நான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. வழக்கமான கேள்விகள் அடுத்த முறை. ராக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 51. பதினாறு வயதிலிருந்து ஒரே பேண்டின் பைத்தியம். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இப்போது விடைபெறும் பயணம் அறிவித்திருக்கிறார்கள், எனக்கு டிக்கெட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் சமீபத்திய வீடியோக்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பாடகருக்குப் பழைய குரல் இல்லை. பாதிப் பாட்டைக் கூட்டம்தான் பாடுகிறது. மனதில் இருக்கும் குரல் அப்படியே இருக்கட்டும் என்று டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா, மேடம்?

பதில்: கொடுக்காதீர்கள். பாதிப் பாட்டைக் கூட்டம்தான் பாடுகிறது என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களைப் போகச் சொல்வதே அதற்காகத்தான்.

என் கதையைச் சொல்கிறேன். 1985ல் என் அண்ணன் யாரிடமோ இரவல் வாங்கிப் பதிவு செய்த 60 நிமிடக் கேசட் ஒன்று வீட்டில் இருந்தது, சாபத் பாடல்கள். பாடகர் பெயர் ஓஸி ஆஸ்போர்ன். ஓசியில் கிடைத்த கேசட்டில் ஓஸி பாடுகிறார் என்று அவன் அந்த ஒரே ஜோக்கை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்தின் கடைசியில் ‘வார் பிக்ஸ்’ பாடல். எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் பாடல் அது. ஆனால் எங்கள் கேசட்டில் ஐந்தாவது நிமிடத்திலேயே நாடா தீர்ந்து, டக்கென்று நின்றுவிடும். பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்தேன். எவ்வளவு துணிச்சலாக முடித்திருக்கிறார்கள் என்று வியந்துகூடப் போயிருக்கிறேன்! முழுப் பாட்டைக் கேட்க எனக்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. இன்றைக்கும் அந்த இடம் வரும்போது, பாட்டு இதோ நிற்கப்போகிறது என்று உடம்பு தயாராகிவிடும்.

2025 ஜூலை 5, பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானம். ஓஸி ஆஸ்போர்ன் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கிற கால்பந்து மைதானம். சிறுவனாக இருந்தபோது போட்டி பார்க்க வருகிறவர்களின் கார்களைக் காவல் காத்துக் காசு வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த மைதானத்தில்தான் கடைசி நிகழ்ச்சி என்று முடிவு செய்தார்கள். மதியமே ஆரம்பித்துவிட்டது. மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோசஸ், ஸ்லேயர், டூல் என்று ஒவ்வொரு குழுவாக வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். சாதாரண நாளில் இவர்களில் ஒருவருக்காகவே ஒரு மைதானம் நிரம்பும். அன்றைக்கு அவர்கள் எல்லோருமே எங்களைப் போல ரசிகர்களாக வந்திருந்தார்கள்.

ஓஸி நடந்து வரவில்லை. 2020ல் தனக்குப் பார்க்கின்சன் நோய் என்று வெளியில் சொன்னவர், முதுகுத்தண்டில் பல அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டவர். மேடைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு சிம்மாசனம் மேலே எழுந்து வந்தது, அதில் உட்கார்ந்திருந்தார். முதலில் தன் தனிப் பாடல்களை உட்கார்ந்தபடியே பாடினார். அந்த நோயில் குரலின் பலம் குறையும், சொற்கள் குழறும். இதெல்லாம் தெரிந்துதான் போயிருந்தேன். தெரிந்திருந்தும் முதல் பாட்டில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஐயோ, சுருதி தவறுகிறதே, இந்த இடத்தைத் தாண்டிவிடுவாரா என்று பரீட்சை எழுதும் பிள்ளையின் அம்மா மாதிரி ஒவ்வொரு வரியையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்களும் முதல் கால் மணி நேரம் அப்படித்தான் நிற்பீர்கள். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் 1991ல் வெளிவந்த அவருடைய மெதுவான பாடல் ஒன்று. வீட்டுக்குத் திரும்புவது பற்றியது. அதில் அவர் குரல் உடைந்தது. நோயால் உடைந்ததா, அழுகையால் உடைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் விட்ட இடத்தைக் கூட்டம் எடுத்துக்கொண்டது. யாரும் கத்தவில்லை. நாற்பதாயிரம் பேர் சேர்ந்து ஒரு பாட்டைக் கிட்டத்தட்ட முணுமுணுத்தால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தக் கணத்திலிருந்து நான் அவர் குரலுக்கு மார்க் போடுவதை நிறுத்திவிட்டேன்.

உங்கள் மனதில் இருக்கும் குரல் எங்கேயும் போகாது. ரெக்கார்டில் இருக்கிறது, நாளைக் காலையிலும் இருக்கும். முப்பத்தைந்து வருடம் நீங்கள் தனியாகப் பாடிக்கொண்டிருந்த வரியை அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று பாட, இந்த ஒரு இரவுதான் கையில் இருக்கிறது. பாடகருக்குக் குரல் நன்றாக இருந்த காலத்தில் போயிருந்தால் உங்கள் பாட்டு அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

‘வார் பிக்ஸ்’ என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. சாபத் நால்வரும் மேடையேறியதும் அதைத்தான் முதலில் வாசித்தார்கள். முழுசாக. அந்த ஐந்தாவது நிமிடம் வந்தபோது என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். நிற்கவில்லை.

கேள்வி: கடைசி, கடைசி என்று சொல்லிவிட்டு இரண்டு வருடத்தில் திரும்ப வந்துவிடுகிறார்கள். டிக்கெட் விற்பதற்கான தந்திரம்தானே இது? நீங்கள் ஏமாந்துவிட்டு எங்களையும் ஏமாறச் சொல்கிறீர்கள்.

பதில்: நீங்கள் என் அண்ணனா? எழுத்து வேறு மாதிரி இருக்கிறது. ஆனால் அவனும் இதே சொற்களில்தான் என்னோடு வர மறுத்தான். 1992லேயே இனி பயணமே கிடையாது என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, 1995ல் ஓய்வு பிடிக்கவில்லை என்று அதையே பயணத்தின் பெயராக வைத்துத் திரும்பி வந்த ஆள்தானே உன் ஓஸி என்றான். உண்மை, மறுக்க முடியாது.

உங்கள் கட்சிக்கு இன்னும் ஆதாரம் வேண்டுமென்றால் நானே எடுத்துத் தருகிறேன். தி ஹூ குழு 1982 டிசம்பரில் டொராண்டோவில் விடைபெற்றது, 1989ல் மறுபடியும் பயணம் கிளம்பியது. கிஸ் 2000ல் ஒரு விடைபெறும் பயணம் போனது. அப்புறம் 2019ல் இன்னொன்று ஆரம்பித்து, 2023 டிசம்பர் 2ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முடித்தது. அன்றைக்கும் கடைசியில் கணினியில் உருவாக்கிய தங்கள் உருவங்களைத் திரையில் காட்டி, இனி இவர்கள் தொடர்வார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். செத்தும் கடை சாத்த மாட்டேன் என்கிற ரகம். எல்லோரையும் மிஞ்சியது மாட்லி க்ரூ. 2014ல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இனிமேல் பயணம் செய்ய மாட்டோம் என்று சட்டப்படி ஒப்பந்தமே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 2015 டிசம்பர் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கடைசி நிகழ்ச்சியும் நடந்தது. 2019ல் அந்த ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்ப்பது போல ஒரு வீடியோ வெளியிட்டு, 2022ல் மைதானம் மைதானமாகக் கிளம்பிவிட்டார்கள். ஜெர்மனியின் ஸ்கார்பியன்ஸ் விடைபெறுகிறோம் என்று அறிவித்தது 2010ல். ஓஸி வில்லா பார்க்கில் விடைபெற்ற அதே 2025 ஜூலை 5 அன்று அவர்கள் சொந்த ஊர் ஹனோவரில் 60 ஆண்டு விழா கொண்டாடி வாசித்துக்கொண்டிருந்தார்கள்!

சரி, இப்போது என் கட்சி. பிளாக் சாபத் 2017 பிப்ரவரி 4 அன்று இதே பர்மிங்ஹாமில் ஒருமுறை விடைபெற்றது. பயணத்தின் பெயரே முடிவு என்றுதான். அதில் தொடக்க கால டிரம்மர் பில் வார்ட் இல்லை. ஒப்பந்தத் தகராறில் விலகி நின்றார். அவர்கள் மட்டும் அன்றைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் அந்தக் குழுவின் கடைசி மேடை நான்கில் ஒருவர் குறைந்த மேடையாகவே முடிந்திருக்கும். 2025ல்தான் ஓஸி, டோனி ஐயோமி, கீசர் பட்லர், பில் வார்ட் நால்வரும் ஒன்றாக நின்றார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு. அந்த ஒரு பொய்யை நான் மன்னித்துவிட்டேன்.

விடைபெறும் நிகழ்ச்சியை ஒரு சத்தியமாக எடுத்துக்கொண்டால் கோபம்தான் வரும். ரயில் நிலையத்தில் கையசைப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய வண்டி சிக்னலில் நின்றுவிட்டால் இன்னொரு முறை கையசைப்போம், அசைத்த கையைத் திருப்பிக் கேட்க மாட்டோம். ஆனால் ஒன்று, விடைபெறும் பயணம் என்ற பெயரில் டிக்கெட் விலையை ஏற்றுகிறார்களே, அதில் உங்கள் எரிச்சல் நியாயம்தான். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

கேள்வி: கிட்டார் கற்றுக்கொள்ளும் மாணவன் நான். வயதான பேண்டுகள் பாட்டின் சுருதியை இறக்கி வாசிக்கிறார்கள். இது ரசிகர்களை ஏமாற்றுவது இல்லையா, அக்கா?

பதில்: இல்லை தம்பி. வயது ஏற ஏறக் குரல் நாண்களின் நெகிழ்வு குறையும், முதலில் உச்ச ஸ்தாயிதான் கையை விட்டுப் போகும். 25 வயதில் பதிவு செய்த பாட்டை 70 வயதில் அதே சுருதியில் பாடு என்றால் தொண்டைதான் கிழியும். அதனால் அரைக் கட்டையோ, ஒரு கட்டையோ, அதற்கு மேலோ இறக்குகிறார்கள். ஜெனிசிஸ் குழுவின் கடைசிப் பயணத்தில் பல பாடல்கள் அப்படித்தான். 2022 மார்ச் 26, லண்டன் ஓ2 அரங்கில் ஃபில் காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். ஒரு காலத்தில் அவர் வாசித்த டிரம்ஸை அவர் மகன் நிக் வாசித்தான். கூட்டத்தோடு கூட்டமாக அந்தக் குழுவின் முதல் பாடகர் பீட்டர் கேப்ரியல் உட்கார்ந்திருந்தார். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? எல்லாம் கண் முன்னால்தான் நடந்தது.

சுருதியை இறக்குவதைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டிய கதை வேறு. சாபத் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி 17 வயதில் தகரப் பட்டறையில் வேலை செய்தபோது எந்திரத்தில் மாட்டி வலது கையின் நடு விரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கைதான். அதாவது கிட்டாருக்கு அத்தியாவசியமான விரல்களே போயின. ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் இரண்டு விரலில் வாசித்த ரெக்கார்டைக் கேட்ட பிறகு மனதைத் தேற்றிக்கொண்டார். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளை மாட்டினார். பிறகு 1971ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்குக் கிட்டாரை ஒன்றரைக் கட்டை இறக்கிக் கட்டினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையுமே. தளர்ந்த தந்தியிலிருந்து வந்த அந்தக் கனத்த, இருண்ட ஒலியைத்தான் உலகம் இன்று ஹெவி மெட்டல் என்கிறது. நீ இன்று ஆசையாகச் சுருதி இறக்கி வாசிக்கிறாயே, அது ஒரு மனிதனின் விரல் வலி.

வேண்டுமானால் ஒன்றைக் கேள்வி கேள். முன்கூட்டியே பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பது. அது எனக்கும் பிடிக்காது. தவறின குரலைத் தாங்கிக்கொள்ளலாம், தவறவே தவறாத குரலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. எங்கள் கல்யாணத்தில் கண் கலங்கவில்லை, மகள் பிறந்தபோதும் இல்லை. தன்னுடைய பேண்ட் கடைசிப் பாட்டை முடித்ததும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இன்னொரு பக்கம் நான் நின்றிருந்தேன்!

பதில்: உங்களை விட்டுவிட்டு அந்த ஆளைக் கட்டிக்கொண்டதுதான் கோபம் என்று புரிகிறது. நியாயமான கோபம். ஆனால் உங்கள் தோளில் சாய்ந்திருந்தால் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பீர்கள். அந்த ஆள் கேட்டிருக்க மாட்டார். அவ்வளவுதான் விஷயம். எந்தப் பாட்டு, முதலில் எங்கே கேட்டது, அப்போது கூட யார் இருந்தது என்று ஒருநாள் கேளுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள், சுருக்கமாகச் சொல்ல மாட்டார்.

கேள்வி: வயது 63. முழங்கால் வலி உண்டு, காதும் இப்போதெல்லாம் மந்தம். மைதானத்தில் நடக்கும் கடைசி நிகழ்ச்சிக்குப் போகிறேன். எங்கே நிற்பது, எதைக் கொண்டுபோவது?

பதில்: முதலில் காது. ராக் கான்சர்ட்டில் 100 டெசிபல் சாதாரணம். அந்த அளவில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் கால் மணிதான், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிவிடும் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022ல் அரங்கங்களுக்கு வகுத்த வரம்பும் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலுக்கு மிகாமல் இருக்கட்டும் என்பதுதான். ஏற்கெனவே மந்தமான காது என்பதால் காதடைப்பான் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான அடைப்பான் மேல் ஸ்தாயியை அதிகமாக வெட்டிவிடும், கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போல் இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் அடைப்பான் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். பாட்டு பாட்டாகவே கேட்கும். வார்த்தைகள்கூட இன்னும் தெளிவாகப் புரியும்.

இடம்: முன்வரிசை ஆசையை விட்டுவிடுங்கள். மேடைக்கு எதிரே, கூட்டத்தின் நடுவில் ஒலிக்கலவை செய்கிறவர்களின் மேசை இருக்கும். அவர்கள் தங்கள் காதில் விழுவதை வைத்துத்தான் ஒலியைச் சரி செய்கிறார்கள். ஆக, மைதானத்திலேயே சரியாகக் கேட்கும் இடம் அதன் பக்கம்தான். ரொம்பப் பின்னால் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், குச்சி டிரம்மில் படுவது கண்ணில் தெரிந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். நடுவில் கோபுரம் மாதிரி ஸ்பீக்கர்கள் நிற்கும், அவற்றின் ஒலியையும் அதே அளவு தாமதித்துத்தான் விடுவார்கள். இல்லையென்றால் ஒரே அடி இரண்டு தடவை கேட்கும்.

முழங்காலுக்கு: உட்காரும் டிக்கெட். முன்னால் இருப்பவர் எழுந்து நின்றால் நீங்களும் எழ வேண்டியிருக்கும் என்பதால், உங்களுக்குப் பிடித்த பாட்டுகளுக்கு மட்டும் நில்லுங்கள். பாட்டுப் பட்டியல் இரவுக்கு இரவு பெரிதாக மாறாது, விளக்கும் திரைக்காட்சியும் வரிசைப்படி அமைத்திருப்பார்கள். முந்தைய ஊரின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போனால், பாத்ரூம் எப்போது போகலாம் என்பதுவரை திட்டமிடலாம். நான் ஒரு டிரம்ஸ் தனி ஆவர்த்தனத்தைத் தியாகம் செய்தேன். எந்தக் குழு என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: முடிந்தது என்று உள்ளே போய்விட்டுத் திரும்ப வந்து மூன்று பாட்டு வாசிக்கிறார்களே, அது நிஜமா?

பதில்: நாடகம்தான். அந்த மூன்று பாட்டும் பட்டியலிலேயே இருக்கும். அரங்கின் விளக்குகள் அணைந்தே இருந்தால் திரும்ப வருவார்கள். விளக்கு எரிந்து, ரெக்கார்டில் வேறு யாருடைய பாட்டோ ஓட ஆரம்பித்தால் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பலாம்.

கேள்வி: ஃபோனில் பதிவு செய்யலாமா?

பதில்: ஒரு பாட்டு. அதுவும் உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டாக இருக்கக் கூடாது.

கேள்வி: ரஷ் குழுவின் 2015 பயணத்துக்கு என்னால் போக முடிந்திருக்கும். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். 2020 ஜனவரியில் டிரம்மர் நீல் பியர்ட் போய்விட்டார். பத்து வருடமாக இது உறுத்துகிறது. இப்போது மீதி இரண்டு பேரும் வேறு டிரம்மரோடு வருகிறார்களாம். போனால் துரோகம் போல இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பதில் ஒரு தப்பும் இல்லை. பெரும்பாலான கடைசி நிகழ்ச்சிகள் கடைசி என்று போர்டு மாட்டிக்கொண்டு வருவதில்லை. லெட் செப்பலின் 1980 ஜூலை 7 அன்று பெர்லினில் வாசித்தது, செப்டம்பரில் அதன் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்துபோனார். பாடகர் ஃப்ரெடி மெர்குரியோடு குவீன் குழு கடைசியாக மேடையேறியது 1986 ஆகஸ்ட் 9, நெப்வொர்த்தில். நிர்வாணாவுக்கு 1994 மார்ச் 1, ம்யூனிக். பீட்டில்ஸ் டிக்கெட் விற்று நடத்திய கடைசி நிகழ்ச்சி 1966 ஆகஸ்ட் 29, சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். 42,500 இருக்கைகளில் சுமார் 25,000தான் விற்றது. மீதி இருக்கைகளில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் எல்லோரும் உங்களைப் போல நினைத்தவர்கள்தான். வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது கடைசி என்று தெரியாது. பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க முன்னாலேயே கிளம்பியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தெரிந்தே விடைகொடுப்பது அபூர்வம். கனடாவின் ட்ராஜிக்கலி ஹிப் குழுவின் பாடகர் கார்ட் டவுனிக்கு மூளையில் புற்றுநோய், குணமாகாது என்று 2016 மே மாதம் அறிவித்தார்கள். அறிவித்துவிட்டு ஊர் ஊராகப் பாடக் கிளம்பினார்கள். ஆகஸ்ட் 20 அன்று சொந்த ஊரான கிங்ஸ்டனில் முடித்தார்கள். நாட்டின் பொதுத் தொலைக்காட்சி விளம்பரமே இல்லாமல் அதை ஒளிபரப்பியது. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பிரதமர் அரங்கில் நின்றிருந்தார். அடுத்த வருடம் அக்டோபரில் டவுனி காலமானார். ஒரு நாடே எழுந்து நின்று வழியனுப்பும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ரஷ் விஷயத்துக்கு வருகிறேன். 2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் அந்தக் கடைசி இரவு. வழக்கமாக நிகழ்ச்சி முடிந்ததும் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்தே போய்விடும் நீல் பியர்ட், அன்று மட்டும் எழுந்து மேடையின் முன்பக்கம் வந்து மற்ற இருவரையும் அணைத்துக்கொண்டார். அவருக்கு அது கடைசி என்று தெரிந்திருந்தது. மற்ற இருவருக்கும் மனது ஒப்பவில்லை. இப்போது கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் ஜெர்மன் டிரம்மர் அனிகா நில்லஸைச் சேர்த்துக்கொண்டு 2026க்குப் பயணம் அறிவித்திருக்கிறார்கள். நண்பனை இழந்தவர்களே மறுபடியும் வாசிக்கத் துணிந்த பிறகு, கேட்கப் போகும் உங்களுக்கு என்ன துரோகம்? போங்கள். நீல் பியர்டைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், அந்தப் பெண் பாவம்.

கேள்வி: ஓஸியின் நிகழ்ச்சி முடிந்ததும் என்ன செய்தீர்கள்? உங்கள் அண்ணன் கடைசிவரை வரவே இல்லையா?

பதில்: கடைசிப் பாட்டு ‘பாரனாய்ட்’. முடிந்ததும் வாணவேடிக்கை. கீசர் பட்லர் ஒரு கேக்கைக் கொண்டுவந்து ஓஸியிடம் கொடுத்தார், அது ஒரு பிறந்தநாள் விழா மாதிரி ஆகிவிட்டது. பில் வார்ட் சட்டையில்லாமல் வியர்வையோடு நின்றார், 77 வயதில். நான் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெரியவர் காதிலிருந்து அடைப்பானை எடுத்து, துடைத்து, சின்ன டப்பாவில் போட்டு மூடினார். மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தார். ஏன் என்று தெரியவில்லை.

அப்புறம் கூட்டத்தோடு விட்டன் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். சந்துகளில் எல்லோரும் பாடிக்கொண்டே நடந்தார்கள். வரிசையில் நிற்கும்போது அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். தூக்கத்தில் எடுத்தான். அடுத்த வருடமும் கடைசி கான்சர்ட் நடத்துவார், அப்போது வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஜூலை 22 அன்று ஓஸி இறந்தார். பதினேழு நாள். அன்றைக்கு அண்ணன்தான் எனக்கு ஃபோன் செய்தான். ஹலோ கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாரா?” என்று கேட்டான்.

பார்த்தார் என்றேன். ரெண்டு மூணு தடவை.